கடைசி மூச்சுவரை

1963இல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த போட்டிக்கு, நானூறு மீட்டர் நீச்சலில் ஒரு பெண்ணுக்குத்தான் இடம் இருந்தது. தகுதிச் சுற்றில் சிவகாமசுந்தரியும் ரத்தினம்மாவும் ஒன்றாகவே சுவரைத் தொட்டார்கள். நீச்சல்காரர்களின் நுரையீரலை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் ஒருவர் இருவரையும் சோதித்துச் சொல்ல முன்வந்தார். யாருக்கு மூச்சு அதிகமோ அவளே போகட்டும் என்று நீச்சல் சங்கம் முடிவு செய்தது.

திங்கட்கிழமை ரத்தினம்மா போய் வந்தாள். மறுநாள் சுந்தரியின் முறை. பஃபலோ ரோட்டில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நீந்தக் கற்றதும் சேர்ந்துதான்.

"என்னடி பண்ணச் சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லலா. ஒரு குழாய்ல ஊதணும். தண்ணிக்குள்ள விடுவோமே, அதே மாதிரி மெதுவா விடு. கடைசியில கொஞ்சம் உள்ள வச்சுக்க. முழுசா விட்டா மயக்கம் வரும்."

சுந்தரிக்கு அது இயல்பாகவே பட்டது. நெஞ்சில் கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தால்தான் உடம்பு மிதக்கும். அதனால் நீந்துகிறவர்கள் மூச்சை ஒருபோதும் முழுதாக விடுவதில்லை.

சோதனை அறையில் அவள் மூக்கில் கிளிப் மாட்டினார்கள். தண்ணீரில் கவிழ்த்திருந்த தகர டப்பா ஊத ஊத உயரும். அதோடு இணைந்த பேனா காகிதத்தில் கோடு இழுக்கும். சுந்தரி இரண்டு முறை ஊதினாள். இரண்டு முறையும் பேனா பாதியிலேயே நின்றது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

நர்ஸ் அன்னம்மா கிளிப்பைக் கழற்றினார். "ஏம்மா, கோப்பி ஆத்துற மாதிரி ஊதுற?"

"இப்படித்தான் ஊதணும்னு ரத்தினம்மா சொன்னா."

"நேத்து வந்த பொண்ணா? அவளும் முதல்ல இப்படித்தான் ஊதுனா. குளத்துல பழகுன எல்லாருக்கும் இதே வியாதி. வயிறு முதுகுல ஒட்டுற வரைக்கும் தள்ளுன்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் பேனா எகிறிடுச்சு. உன்கிட்ட சொல்லலையா?"

இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். சுந்தரி குழாயைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டும்வரை, உள்ளே எதுவும் மிஞ்சாதபடி ஊதினாள். டாக்டர் முந்தின நாள் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீதான் போகிறாய்," என்றார் ஆங்கிலத்தில்.

சந்தோஷம் வரும் என்று சற்று நின்று பார்த்தாள். வரவில்லை.

வாசல் பெஞ்சில் ரத்தினம்மா கச்சாங் கடலைப் பொட்டலத்தோடு காத்திருந்தாள்.

"எப்படிடி ஆச்சு?"

"நீ சொன்ன மாதிரியே ஊதினேன்."

ரத்தினம்மாவின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. சுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதடி. அடுத்த வருஷம் உனக்குக் கிடைக்கும்லா."

தோற்றதாகச் சுந்தரி சொல்லவே இல்லை. கையை விடுவித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.