மூன்று வீட்டுச் சர்க்கரைப் பொங்கல்

என் வீட்டுக்காரர் பேச்சிராஜாவுக்கு யாரிடமும் முகத்தை முறித்துப் பேசத் தெரியாது. அந்த நல்ல குணம்தான் எங்கள் பசுவை இந்தப் பாடு படுத்திவிட்டது.

நேற்று ஆவணி முகூர்த்தம். சங்கரன்கோவிலில் மூன்று புது வீடுகளில் பால்காய்ப்பு. கோமாதா முதலில் வாசற்படி ஏறினால்தான் வீட்டுக்கு நல்லது என்று கூப்பிட்டார்கள். இவர் பசுவையும் கன்றையும் ஓட்டிப் போனார். ஏறட்டும், வேண்டாமென்றா சொன்னேன்? மூன்று வீட்டிலும் சர்க்கரைப் பொங்கலைத் தாம்பாளம் தாம்பாளமாக வைத்து, அது தின்னத் தின்னக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். இந்த மனுஷன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

காலையில் பசு தவிட்டுத் தண்ணீரை மோந்துகூடப் பார்க்கவில்லை. இடது வயிறு உப்பிக் கிடந்தது. கன்று பாலுக்குக் கத்தியது. உடனே டாக்டருக்குப் போன் போட்டேன்.

கால்நடை டாக்டர் அபிதா வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். வாய்வழியாகக் குழாய் விட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றினார்.

"மாட்டோட முத வயிறு பெரிய தொட்டிக்கா. அதுல இருக்க கிருமிதான் வைக்கலப் புளிக்க வச்சுச் சத்தாக்கும். இவ்வளவு சோறு போனா எல்லாம் கண்டபடி புளிச்சிரும். அந்தப் புளிப்பு ரத்தத்துல ஏறுனா மாடு நிக்காது."

"பொழைச்சிருமா டாக்டர்?"

"ஏப்பம் விட்டு அசை போடட்டும். அப்பதான் சொல்லுதேன்."

பசுவின் தாடை அசைந்தது. "அசை போடுது!" என்று கத்தினேன்.

"இல்லக்கா. வலியில பல்லக் கடிக்கி" என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து, மூன்றாவது வீட்டுக்காரி சண்முகப்ரியா ஓடிவந்தாள். "அக்கா, மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா? மறுநாளே மாடு போச்சுன்னா புது வீட்டுக்கு ஆகாதும்பாவளே!"

வந்ததே எனக்கு ஆத்திரம். "ஏட்டி, ஒன் வீட்டத் தாங்க செங்கலும் சிமிட்டியும் இருக்கு. இந்தக் கன்னுக்கு ஆரு இருக்கா?"



"சாமின்னு குடுக்காவ, எப்படி வேண்டாம்னு சொல்ல?" என்று என் வீட்டுக்காரர் முனகினார்.

"சாமின்னா வயித்துக்கு அளவு கெடையாதாக்கும்!"

வெயில் ஏறியது. டாக்டர் பசுவின் வயிற்றின்மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை.

திடீரென்று பசு கழுத்தை நீட்டி ஒரு ஏப்பம் விட்டது. ஊசிப்போன மாவு நாற்றம்! சண்முகப்ரியா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கழுத்தில் ஒரு உருண்டை மேலேறியது, வாய் மெல்ல ஆரம்பித்தது. டாக்டர் தலையாட்டினார். நான் அந்த நாற்ற வாயோடு முகத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.