தையல்காரர் ஏன் ஏற்றவில்லை

1

இந்தக் கதை மருந்துக்கடைக்காரரின் வாயிலிருந்து பிடுங்கியது. அவர் சொல்லியிருக்கக் கூடாது. தும்மலுக்கு மாத்திரை வாங்குகிற சாக்கில் நானும் அங்கே நின்றிருக்கக் கூடாது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். சொல்லவில்லையே, எழுதத்தானே செய்கிறேன்.

2

முதல் வரி இப்படித் தொடங்கியது: தையல்காரரின் ஈரலில் ஒரு கட்டி...

(வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே கட்டியா?)

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். விடுமுறை மதியங்களில் தையல்கடையின் வெட்டுமேசை சீட்டுமேசையாகிவிடும். ஆட்டம் போக்கர், பந்தயம் சட்டைப் பித்தான்கள். ஆடுபவர்கள் தையல்காரர், அவருடைய தம்பி வெல்டர், மருந்துக்கடைக்காரர். வேலையில்லாமல் வெகுநாள் வீட்டில் பேச்சு வாங்கிய தம்பிக்கு ஒருவழியாகக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்து, மறுநாள் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான். அண்ணனின் நோய் மருந்து கொடுக்கிற கடைக்காரருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் போகமாட்டான்.

3

நல்ல சீட்டு வந்தால் என்ன செய்வது? பந்தயத்தை ஏற்றலாம், எதிராளி மிரண்டு, சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவான். ஏற்றாமல், அவன் வைத்த அளவே வைத்துக் கூடவே போகலாம், அவனும் உட்கார்ந்திருப்பான். ஆனால் மலிவாக ஒரு சீட்டை மாற்றி நம் வாயில் மண்ணைப் போடவும் கூடும். விவரமானவர்கள் ஏற்றத்தான் சொல்வார்கள்.

தையல்காரர் கையில் மூன்று ராஜாக்கள். தம்பி நான்கு பித்தான் வைத்தான். மருந்துக்கடைக்காரர் கவிழ்த்தார். தையல்காரரும் நான்கே வைத்தார்.

தம்பி ஒரு சீட்டை மாற்றினான். இப்போது ஐந்தும் ஹார்ட்டின். அதற்கு முன்னால் ராஜாக்கள் செல்லாது.

"மூணு ராஜாவ வெச்சுக்கிட்டா சும்மா கூட வந்த? மொதல்லயே ஏத்தியிருந்தா நான் கவுத்துட்டுப் போயிருப்பேனேண்ணா."

"போயிருப்ப. அதான் ஏத்தல."

"ஒனக்குச் சீட்டாடவும் வரல, ஒரு மண்ணும் வரல" என்று தம்பி சிரித்தான். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. பித்தான்களை நிறம் நிறமாகப் பிரிக்கத் தொடங்கினார்.

4

[இங்கே என் உவமை நொண்டுகிறது. மேசையில் ஏற்றினால் தம்பி போய்விடுவான். நிஜத்தில் ஏற்றினால், அதாவது நோயைச் சொன்னால், இருந்துவிடுவான். சரிசெய்யப் பார்த்தேன். சரியாகவில்லை. தையல்காரருக்கும் இதே தொல்லைதான் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.]

5

ஒரு முடிவு: சொல்கிறார். தம்பி பெட்டியைப் பிரிக்கிறான். ஆஸ்பத்திரி பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, போகாத வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேசாமலிருப்பதுதான் அண்ணனைத் தின்கிறது.

இன்னொரு முடிவு: சொல்லவில்லை. தூரத்தில் ஒரு பட்டறையில் தம்பி போனை எடுக்கிறான். "எங்கிட்ட ஏன்..."

(முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.)

6

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். ஷட்டரைப் பாதி இழுத்த தம்பி குனிந்து உள்ளே பார்த்தான்.

"என்னண்ணா, மூஞ்சியே சரியில்ல? போகாதடான்னு ஒரு வார்த்தை சொல்லு, போகல."

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் கையை ஷட்டரிலிருந்து எடுக்கவில்லை.

தெருவில் யார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைக்கிற எனக்கு இங்கே நுழைய மனம் வரவில்லை. தையல்காரர் வாயைத் திறந்துவிட்டார். உங்களிடம் இருந்தால், அவருக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்.