பச்சை தொட்ட வாளி

விடியுமுன்பே அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வேலை செய்த இடம் ஒரு காலத்தில் தோட்டத்து ரப்பர் பால் உறையவைத்த கொட்டகை. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனான், மரம் சீவுவதும் நின்றது. பெரிய கங்காணியாக இருந்த உடையப்பன் முதலாளி ஆகிவிட்டான். ஆற்றோர ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து படகுக்காரர்கள் கொண்டுவரும் இறாலை அவித்து, தோலுரித்து, உப்புப் பிசறி ஜப்பான் பட்டாளத்துக்குக் கொடுத்தான். உரித்தது நாங்கள், தோட்டத்துப் பெண்கள். ஆவி அடங்காத இறாலை உரித்து உரித்து விரல் நுனியில் தோலே இல்லை. முள் குத்திய இடத்தில் உப்பு இறங்கினால் உயிர் போகும்.

எங்களுக்கு வினையாக வந்தது வாளிதான். பால் எடுத்த காலத்தில் ஆளுக்கு ஒரு வாளி. கொட்டுவோம், அலசுவோம், மறுபடி அதிலேயே எடுப்போம். அந்தப் பழக்கத்தில், பச்சை இறால் வந்த வாளியிலேயே வெந்ததையும் போட்டோம். இறால் கொண்டுவந்த ஐயாவு அண்ணன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா வேலை இது. பச்சை இறால் தண்ணி பட்டா வெந்தது வெஷமாயிரும். மறுபடி அடுப்புல வைக்காம அப்படியே திங்கிற சாமான்லா இது."

அன்றே உடையப்பனிடம் போனோம். வெந்ததுக்குத் தனி வாளி வேண்டும், வாளியைக் கொதிநீரில் கழுவ விறகு வேண்டும் என்று கேட்டோம்.

"பட்டாளத்துக்குப் போறதுக்குத் தனி வாளி இருக்குல்ல. கூலிக்காரன் திங்கிறதுக்கு இது போதும்" என்றான். விறகையும் குறைத்தான்.

அரிசி கொடுக்க மாட்டான். கூலியென்று அந்த இறாலில்தான் ஆளுக்கு ஒரு கை. விறகு பிளக்கும் பிச்சைமுத்து அதைத் தின்றுவிட்டுப் படுத்தான். சாயங்காலம் வாந்தி, அப்புறம் ரத்தமாகப் போனது. கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நாங்கள் நாலு பேர் பிடித்தும் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. கண் குழிவிழுந்து, கேட்டது ஒரு வாய் தண்ணீர்தான். அதையும் கக்கிவிட்டுச் செத்தான். அவனைப் புதைத்துவிட்டு வந்தபோது உடையப்பன் சொன்னான்: "கள்ளு குடிச்சிருப்பான்."

அவனைப் புதைத்த மறுநாள் காலைதான் நான் சொல்லவந்தது. என் பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்தவள் இருளாயி அக்கா. அவள் புருஷன் மாயாண்டியை முந்தின நாள்தான் சிப்பாய்கள் பிடித்துப்போயிருந்தார்கள். தாப்பா ரோடு ஸ்டேஷனில் சரக்குப் பெட்டியில் அடைத்து, சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்புகிறார்களாம்.

உடையப்பன் வந்து வாளிகளைக் காலால் தட்டினான். "சீக்கிரம் லா. லாரி வருது. சயாமுக்குப் போறவனுங்களுக்கு மாக்கான்." மாக்கான் என்றால் மலாய் மொழியில் சாப்பாடு.

அக்காவின் கை நின்றது.

"இதையா முதலாளி?"

"வேற எதை?"

"இதத் தின்னுட்டுத்தான் பிச்சைமுத்து செத்தான். பெட்டிய வெளியிலேருந்து பூட்டிருவாங்க. ஒருத்தன் கக்கினா ஒதுங்கக்கூட இடமில்ல. எம் புருஷன் உள்ள இருக்கான்."

"உன் புருஷன் அங்க போயி எப்படியும் சாவத்தான் போறான்."

அக்கா எழுந்து வாளியைக் கவிழ்த்தாள். உடையப்பன் விறகுக் கட்டையை எடுத்து அவள் வாயிலேயே அடித்தான். பல் தெறித்தது. இன்னொரு அடிக்கு ஓங்கியவன் கையை நான் பிடித்தேன்; அவன் உதைத்ததில் அண்டா சாய்ந்து என் முழங்கால் வெந்தது. அலறினேன். அந்த அலறலில் கொட்டகையே எழுந்தது. எங்களோடு உரித்த புனிதா கவிழ்த்தாள், செல்லம்மா கவிழ்த்தாள், வாளிகள் உருண்டன. இறால் சாக்கடையில் கிடந்தது. கடைசியில் கவிழாமல் மிஞ்சியது ஒரே ஒரு வாளி, அதை அக்கா எடுத்துக்கொண்டாள்.

லாரி வந்து நின்றது. துப்பாக்கியும் கத்தியுமாக ஒரு ஜப்பான் சிப்பாய் இறங்கினான்.

"இவளுங்க கெடுத்துட்டாளுங்க, நிப்பான் மாக்கானைக் கெடுத்துட்டாளுங்க" என்று ஜப்பான் பேரைச் சொல்லி உடையப்பன் எங்களைக் காட்டினான்.

அக்கா ரத்தம் வழிய நடந்துபோய் வாளியை உடையப்பன் முன்னால் நீட்டினாள். "நல்ல சாமான்னா ஒரு வாய் தின்னுங்க முதலாளி."

அவன் பின்வாங்கினான். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, ஆனால் பின்வாங்கிய காலைப் பார்த்தான். கத்தி முனையை உடையப்பன் தொண்டையில் வைத்து, "மாக்கான்" என்றான். உடையப்பன் வாயை இறுக்கிக்கொண்டான். தின்னவேயில்லை. சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவன் முகத்தைப் பிளந்தான். அதே கட்டையால் அக்காவின் தோளிலும் ஒன்று போட்டான். பிறகு சூரியனைக் காட்டி, உச்சியைக் காட்டி, கழுத்தில் விரலை இழுத்தான். உச்சிப் பொழுதுக்குள் மாக்கான் வேண்டும், இல்லாவிட்டால் தலை போகும்.

அந்தச் சிப்பாய்ப் பாவி எங்களுக்கு ஒன்றும் நியாயம் செய்துவிடவில்லை. இரண்டு அடியும் அவனுக்கு ஒன்றுதான்.

"ஐயாவு அண்ணன் கொண்டாந்த பச்சை இன்னும் தொட்டியில இருக்கு" என்றேன்.

"விறகு?" என்றாள் புனிதா.

ரப்பர் ஷீட் காயப்போட்ட கம்புகள் புகைக்கொட்டகையில் வரிசையாகக் கிடந்தன. லயத்திலிருந்து ஆண்களும் பெண்களும் ஓடிவந்தார்கள். பிச்சைமுத்துவின் கோடாலியை அவன் பெண்சாதி தூக்கிக்கொண்டு வந்தாள். கம்புகளை முறித்து அடுப்பில் போட்டோம். "என் கம்பு, என் கம்பு" என்று உடையப்பன் தரையில் கிடந்து கத்தினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டாளத்துக்கென்று வைத்திருந்த வாளிகளைத் தூக்கிவந்து கொதிநீரில் முக்கி எடுத்தோம். பச்சையைத் தொட்டவள் வெந்ததைத் தொடவில்லை. சிப்பாய் லாரியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு?" என்று செல்லம்மா கேட்டாள்.

"நாளைக்கும் இப்படித்தான்" என்றாள் அக்கா, வாயில் துணியை அழுத்திக்கொண்டே. "தனி வாளி, விறகு, கூலிக்கு அரிசி. இல்லன்னா ஒருத்தியும் அடுப்பு மூட்ட மாட்டோம். அடிச்சா எல்லாரையும் அடிக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினோம். பயமில்லை என்று சொன்னால் பொய்.

உச்சிக்குள் அவித்து உரித்து வாளிகளை ஏற்றினோம். லாரி புறப்பட்டது. ஒரு வாளியின் மூடியை அக்கா கடைசிவரை பிடித்திருந்தாள், வண்டி நகர்ந்த பிறகுதான் விட்டாள். மாயாண்டி சயாமுக்குப் போகத்தான் போகிறான். திரும்பி வருவானா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்கு அவன் வாயில் போடுவது எங்கள் கையால் வந்த நல்ல சாப்பாடு. அதற்காக நாங்கள் அத்தனை பேரும் அடிபடத் தயாராக நின்றோம்.