நூருன்னிசாவின் கல்யாணப் படங்கள்

படங்கள் இருந்த உறையை ஜோசபினிடம் கொடுத்த ஃபோட்டோக் கடைக்காரர் அதிலிருந்து கையை உடனே எடுக்கவில்லை. "இங்கயே ஒருதரம் பாத்துடுங்கக்கா" என்றார். வெளியே சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மழை.

முதல் படத்தில் நூருன்னிசா இருந்தாள். சரிகைச் சேலை, முக்காட்டுக்குள் மல்லிகை, கூச்சத்தில் தாழ்ந்த கண்கள். அவளுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை இப்ராஹீம் உட்கார்ந்திருந்த இடம் கோடு கிழித்தாற்போல் கறுத்துக் கிடந்தது. அடுத்த படமும் அப்படித்தான். சுருள் முழுக்க அப்படித்தான்.

"ஃபிளாஷ் போட்டா ஷட்டர் வேகம் அறுபதுல இருக்கணும்க்கா. நீங்க இருநூத்தி அம்பதுல வச்சிட்டீங்க. திரை பாதி மூடினப்புறம்தான் வெளிச்சம் விழுந்திருக்கு."

ஜோசபினுக்கு இது தெரிந்திருக்கவில்லை. கேமராத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள்தான். ஆனால் அவள் இருந்தது ஃபிளாஷ் சோதிக்கும் பிரிவு. கேமரா பூட்டுவது வேறு மாடி. ஃபிளாஷ் பிரிவில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி நூருன்னிசாவுடையது. இந்த வருஷம் தொழிற்சாலையை மூடியதும் உடன் வேலை செய்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நூருன்னிசா மட்டும் விடாமல் ஃபோன் பண்ணினாள். மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்த, மனைவியை இழந்த ஒருவரோடு அவளுக்கு நிக்காஹ் முடிவானபோது, "சின்ன விசேஷம்தான் லா. நீயே ஃபோட்டோ எடு. நாள் பூரா ஃபிளாஷ் அடிச்சவதானே" என்றாள். ஜோசபின் அண்ணன் லாசரஸிடம் கேமராவை இரவல் வாங்கினாள். வேறு யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பாள்.

அந்த வாரம் முழுவதும் ஃபோன் அடித்தாலும் எடுக்கவில்லை. அம்மா இறந்த பிறகு புக்கிட் மேரா வீட்டில் அவள் ஒருத்திதான். அந்த மணியோசை ஓய்ந்ததும் அறைகள் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தன. சுருள் வீணாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பழகிப் பார்க்கப் புதுச் சுருள் போட்டு, அறுபதில் வைத்து, நாற்காலியைப் படம் எடுத்தாள். குளிர்பெட்டியை எடுத்தாள். மாதா படத்தை எடுத்தபோது கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் திரும்பி அவள் கண்ணிலேயே அடித்தது. வீட்டில் எடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் நூருன்னிசாவே வந்துவிட்டாள்.

"இப்பவே ஈப்போவுக்குக் கிளம்புறோம். அவரு கீழே கார்ல இருக்காரு. படம் வந்திருச்சா?"

ஜோசபின் உறையை நீட்டினாள். நூருன்னிசா நின்றபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாதியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு ஒண்ணுலகூட இல்லையே."

"ஃபிளாஷ் சரியாத்தான் அடிச்சுது நூரு. கேமராதான் எனக்குத் தெரியல."

நூருன்னிசா கடைசிப் படம்வரை பார்த்து முடித்தாள். கோபப்படுவாள் என்று ஜோசபின் காத்திருந்தாள். கோபப்பட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அவரைத் தினமும் பாக்கத்தானே போறேன்." படங்களை அடுக்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "உன் படம் ஒண்ணு குடு."

"என்கிட்ட ஏது?"

"அன்னிக்கு எல்லாரையும் எடுத்தே. உன்னை ஒருத்தரும் எடுக்கல." மேசையிலிருந்த கேமராவை எடுத்தாள். "இது இப்ப எதுல இருக்கு?"

"அறுபதுல."

"சரி, ஜன்னல்கிட்ட நில்லு."

ஜோசபின் நின்றாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெளிச்சம் அடித்தது.

"கண்ணை மூடிட்டே. இரு, இன்னொண்ணு."

ஃபிளாஷின் பின்புறத்தில், தயார் என்று காட்டும் செம்மஞ்சள் விளக்கு எரியவில்லை. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, உள்ளே மின்சாரம் ஏறும் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது. கீழே கார் ஹாரன் அடித்தது. நூருன்னிசா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை.

"வருதா?" என்றாள் ஜோசபின்.

"வரும். அசையாதே."

ஹாரன் மறுபடி கேட்டது. கண்ணுக்குள் இன்னும் மிதந்த பச்சைப் புள்ளியின் பின்னால் தோழியின் முகம் சரியாகத் தெரியவில்லை. ஜோசபின் இமைக்காமல் அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றாள்.