மாஸ்டருக்குத் தெரியாது

தெரியாமல்தான் செய்கிறார், தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்று இத்தனை நாளும் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதை, இதோ வெளியிலிருந்து வந்த ஒரு அம்மா, கண்ணாடி போட்ட படித்த அம்மா, எல்லார் முன்னாலும் நின்று சொல்கிறாரே... அப்படியென்றால் அது அவளாகக் கட்டிக்கொண்ட சமாதானம் இல்லை, பாடத்திலேயே இருக்கிறது. "அடுத்தவங்களை நோகடிக்கிறவங்க நிறையப் பேருக்குத் தாங்க நோகடிக்கிறோம்னே தெரியாதுங்க, எடுத்துச் சொன்னா நிறுத்திடுவாங்க," என்றார் பயிற்சிக்கு வந்த அந்த அம்மா. சாப்பாட்டு அறையில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், பல் செட் செய்யும் அந்த லேபின் மொத்தப் பேரும் கையில் ஒட்டிய பிளாஸ்டர் தூளைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஆசைப்பட்டு வரவில்லை, வேலை அனுப்புகிற மருத்துவமனை ஒன்று, ஊழியர்களைத் துன்புறுத்தாமல் இருக்க வகுப்பு நடத்திய சான்றிதழ் கேட்டதாம், முதலாளி அடித்துப் பிடித்து இந்த அம்மாவைக் கூட்டிவந்துவிட்டார். எதிரில் மாஸ்டர். பிறர் செய்ததைச் சரிபார்த்துக் குறை சொல்லும் வேலை அவருடையது, ஆனால் இப்போது நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது...

அந்த முகம் அவள் மேஜைக்கு வரும்போது வேறு மாதிரி இருக்கும். இல்லை, வேறு மாதிரி என்றும் சொல்ல முடியாது, இதே சிரிப்புதான், அதுதானே குழப்பம். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி அடுக்குவது அவள் வேலை, அடுக்கி முடித்ததை மாஸ்டர் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், மேலும் கீழுமாக இரண்டு வரிசையையும் விரலுக்கிடையே இடுக்கி டக் டக்கென்று அடிப்பார், பிறகு அந்தப் பல் பேச ஆரம்பிக்கும், அவள் குரலில். "சார்... வந்து சார்... நான் வந்து..." என்று. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்கிவிடுகிற பழக்கம், பல்லும் அதை அப்படியே விழுங்கும். "ஊமைக்கு வாய் இல்லைன்னு யாருய்யா சொன்னது, தினம் புதுசு புதுசா வாய் பண்ணிக்கிட்டுத்தானே இருக்கா!" அறையே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒருநாள் அந்தப் பல்லால் அவள் துப்பட்டா நுனியைக் கவ்வி இழுத்தார், ஒருநாள் ஒரு கோரைப்பல் அரை இழை சாய்ந்துவிட்டது என்று முழு வரிசையையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மெழுகை உருக்கிவிட்டு, பற்களை அள்ளி அவள் முன்னால் கொட்டி, பொறுக்கு என்றார். பொறுக்கினாள். தமாஷ்தான். எல்லாரிடமும் தமாஷ் பண்ணுகிறவர்தான், ஆனால் எல்லாருடைய பல்லும் பேசுவதில்லையே, அவளுடையது மட்டும் ஏன் பேசுகிறது?

"அந்த ஆளுக்கு அது விளையாட்டு. உனக்கு வலிக்குதுன்னு நீ சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்? மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அவர் என்ன ஜோசியமா பாப்பாரு?" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனுஷர், கோபத்தில் சொன்னதில்லை, சொல்லிப் பார், கேட்காவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடு என்றார். வந்துவிடலாம்தான். வந்துவிட்டு? வாயின் பிளாஸ்டர் அச்சைக் கையில் எடுத்ததும், உதடு கூட இல்லாத ஒரு வாய், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய வாய், இவருக்கு முன்பல் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கும், இவர் சிரித்தால் இடப்பக்கம்தான் முதலில் திறக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிற அந்த இடத்தை வேறு எங்கே போய்த் தேடுவாள்... அவளுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அவமானமாகக்கூட இருக்கிறது இவ்வளவு பிடித்திருப்பது. அதனால் ஒரு வாக்கியம் தயார் செய்துவைத்திருந்தாள். சார், உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், ஆனா நீங்க அப்படிப் பேசும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு சார். கடைசி 'சார்' வரைக்கும் விழுங்காமல் சொல்லிப் பழகியிருந்தாள், குளிக்கும்போது, பஸ்ஸில், அரிசி களையும்போது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு விட்டால் இல்லை. சொன்னால் நின்றுவிடும், நிற்காவிட்டால் இந்த மேஜையை விட்டுப் போக வேண்டியதுதான்.

"இப்போ ஒரு சின்ன நாடகம்," என்றார் அந்த அம்மா, மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களாகவும் கீழே இருக்கிறவர்கள் மேலே இருக்கிறவர்களாகவும் நடிக்க வேண்டுமாம், அடுத்தவர் செருப்பு எங்கே கடிக்கிறது என்று அப்போதுதான் தெரியுமாம். யார் முதலில் என்று கேட்டு முடிப்பதற்குள் மாஸ்டர் எழுந்துவிட்டார், ஜோடி யார் என்றதற்கு வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "நம்ம ஊமையைக் கூப்பிடுங்க மேடம், அவளுக்கும் கொஞ்சம் வாய் வரட்டும்," என்றார். அவளுக்குப் பயமாக இருந்தது, கூடவே ஏதோ ஒரு சந்தோஷமும், கடவுளே நீயே வழி விடுகிறாயா, அவர் நாற்காலியில் நான், என் நாற்காலியில் அவர், அங்கே உட்கார்ந்து பார்த்தால் தெரியாமலா போகும்... மாஸ்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பல் செட்டை எடுத்து அவள் கையில் வைத்தார், ஒதுக்கிப்போட்ட பழைய செட், எப்போதும் பையில் வைத்திருப்பார் போல. அதற்கே ஒரு சிரிப்பு.

பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வது, அவர் சொல்வதைத்தான், எது வாய்க்கு வருகிறதோ அதை. "ஏம்மா... இது பல்லா, இல்லை பாத்ரூம் டைல்ஸா?" குரல் தழதழத்தது, ஆனால் சிரிப்பு வந்தது, வட்டம் முழுக்க, செட்டுக்கு மெருகு போடும் பாலிஷ் அண்ணன் தொடையைத் தட்டினார். இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பின் அடியில் உட்கார்ந்திருந்தவள் இப்போது அதன் மேல் நிற்கிறாள், சீ, எவ்வளவு சுகமாக இருக்கிறது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், இன்னொன்று சொல்லேன், இன்னொரு தடவை சிரிக்கட்டுமே என்று நாக்கு துறுதுறுத்தது. பல்லை டக்கென்று அடித்தாள். "பொறுக்கு," என்றாள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது, இந்தக் குரல் எங்கே இருந்தது?

மாஸ்டர் அப்போதுதான் ஆரம்பித்தார். முதலில் தோளைக் குறுக்கினார், அது யாருக்கும் தெரிந்ததுதான், எவரும் செய்யக்கூடியது. பிறகு கழுத்தில் ஒரு நரம்பு இழுத்தது. கீழுதட்டை உள்ளே மடித்து, இடப்பக்கக் கோரைப்பல்லால் மெல்லப் பிடித்துக்கொண்டார், அவள் அப்படிச் செய்வாளா என்ன, ஆமாம், செய்வாள், அவளுடைய உதட்டில் அந்த இடம் எப்போதும் புண்ணாகத்தான் இருக்கும். அப்புறம் வலது கையை மடிக்குக் கீழே கொண்டுபோனார், மேஜை இல்லாத இடத்தில் ஒரு மேஜை இருப்பது போல அதற்கு அடியில், கட்டைவிரல் நகத்தால் ஆள்காட்டி விரலின் பக்கத்துச் சதையைக் கிள்ளினார், கிள்ளி, விட்டு, அதே இடத்தில் மறுபடி. அது மேஜைக்கு அடியில் நடப்பது, குனிந்து பார்த்தால்தான் தெரியும், குனிந்து பார்த்திருக்கிறார்... எத்தனை தடவை? "ச... சரி சார், நான் வந்து, மறுபடி அடு..." என்று கடைசி வார்த்தையை விழுங்கினார் மாஸ்டர், பல் பேசும்போது வரும் கேலிக் குரல் இல்லை இது, அவள் குரலே, அவள் வீட்டுக்காரர் கேட்டாலும் திரும்பிப் பார்ப்பார். எழுந்தார், இரண்டு எட்டு நடந்தார், பிளாஸ்டர் கழுவும் அறைக்குப் போகிறவள் நடை அது, அவசரம் இல்லாத மாதிரியான அவசரம். காற்றில் குழாயைத் திருகினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஸ்ஸ்ஸ் என்று தண்ணீர் சத்தம் எழுப்பினார், சத்தம் நன்றாக ஏறட்டும் என்று காத்திருந்தார், ஏறிய பிறகுதான் தோளைக் குலுக்கி அழுதார். அழுது முடித்ததும் முதலில் மூக்கைத் துடைத்தார், பிறகுதான் குழாயை மூடினார். அந்த வரிசைகூடத் தப்பவில்லை.

குழாய்க்குத்தான் பெரிய சிரிப்பு. வட்டமே குலுங்கியது, ஒருத்தி நாற்காலியிலிருந்து சரிந்தாள், பாலிஷ் அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிக்காதவர் பயிற்சி அம்மா ஒருவர்தான், அவர் கண்ணாடியைக் கழற்றி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எத்தனையோ இடத்துல இதை நடத்தியிருக்கேன், இந்த அளவுக்கு ஒருத்தர் அடுத்தவங்க வலிக்குள்ள போய்ப் பார்த்ததில்லை. உங்களுக்கு எப்படி இருந்துச்சு சார்?" மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்பப் பணிவாக, "கஷ்டமா இருந்துச்சு மேடம். அந்தப் பொண்ணு தினம் எப்படித்தான் வேலைக்கு வர்றாளோ," என்றார். குனிந்த தலை கொஞ்சமாகத் திரும்பி அவளைப் பார்த்தது, அவள் கையைப் பார்த்தது, வலது கையை. கைதட்டினார்கள்.

"நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன தோணுச்சு?" கேட்கிறார், இதுதான் அந்த நேரம், சொல்லு, சார் உங்களுக்குத் தெரியாம இருக்கலாம்... தெரியாமலா? அங்கேயே நின்றுவிட்டது. அந்த வாக்கியத்துக்குள் நுழைய வேறு வாசல் இல்லை, முதல் வார்த்தையை எடுத்துவிட்டால் மிச்சமும் சரிந்துவிடுகிறது. அவருக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரியும், எந்த விரல், எந்தப் பல், மூக்கு முதலா குழாய் முதலா, மெழுகு முன்னால் உட்கார்ந்து அச்சைப் பார்த்துப் பார்த்து அவள் அடுக்குவதைப் போல அவரும் அவளைப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறார், வலிக்கிறதா என்று தெரியாமல் குத்தியவர் இல்லை, எங்கே வலிக்கிறது என்று பார்த்து அங்கேயே குத்தியவர். வீட்டுக்காரர் சாயங்காலம் கேட்பார், சொன்னியா என்று. என்ன சொல்வது, சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது என்றா? இத்தனை நாள் காலையில் எழுந்து, தலை வாரி, பஸ் ஏறி இங்கே வர முடிந்ததே, அவருக்குத் தெரியாது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதானே வந்தாள், இனி எதைப் பிடித்துக்கொண்டு வருவாள்? எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார் நல்லா நடிச்சா..." என்றாள், மிச்சத்தை விழுங்கினாள். அதற்கும் சிரிப்பு, அதற்கும் கைதட்டல்.

வகுப்பு முடிந்தது, சான்றிதழில் முதலாளி கையெழுத்துப் போட்டார், நாற்காலிகளை இழுத்து அடுக்கினார்கள், தனியாக ஏதாவது பேச வேண்டுமென்றால் யாரும் வரலாம் என்று பயிற்சி அம்மா பையை மாட்டிக்கொண்டே சொன்னார். பாலிஷ் அண்ணன் அவளைக் கடந்து தன் மிஷினுக்குப் போகிறபோது, நல்லவர்தான், அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிக்கிறவர், இன்னும் அடங்காத சிரிப்போடு, "அந்தக் குழாயைத் திருகினாரு பாரும்மா, அப்படியே நீதான்!" என்றார். அவள் புன்னகை செய்தாள். அண்ணே, ஒருநாள் கேட்டதுக்கு, நான் அழறதைப் பார்த்ததில்லைன்னு சொன்னீங்களே, மிஷின் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்காதும்மான்னு சொன்னீங்களே... அப்படியேன்னா, எதைப் போல அப்படியே? பார்க்காத ஒன்றைப் போல ஒருத்தர் செய்து காட்டினால் யாருக்காவது சிரிப்பு வருமா? பயிற்சி அம்மாவுக்கு வரவில்லை, அவருக்குத் தெரியாது, அதனால் வரவில்லை. மற்ற எல்லாருக்கும் வந்தது. பிளாஸ்டர் கலக்குகிறவள், பார்சல் கட்டுகிறவர், வாசலில் பெயர் எழுதி அச்சு வாங்குகிறவள், ஒருத்தர் விடாமல்.

கால் தானாகப் பிளாஸ்டர் கழுவும் அறைக்குத்தான் போனது, வேறு எங்கே போகும், வழியில் பயிற்சி அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், அவரைத் தாண்டிப் போனாள், கதவைச் சாத்தினாள். வெளியே லேப் வேலைக்குத் திரும்பிவிட்டது, பாலிஷ் மோட்டார் வழக்கம் போல ஊளையிட ஆரம்பித்திருந்தது, நல்லவேளை, அந்தச் சத்தம் போதும், அதோடு தண்ணீரும் சேர்ந்தால் யாருக்கும்... குழாயைத் திருகினாள். தண்ணீர் தொட்டியில் விழுந்து சத்தம் ஏறியது. ஏறிய மறுகணம் அந்தப் பக்கம் மோட்டார் குரல் இறங்கியது, இறங்கி, சுழன்று, நின்றுவிட்டது. தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி, ஒரு மெழுகுக் கத்தி மேஜையில் வைக்கப்படும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. எப்போதும் இப்படித்தான் நிற்குமா? அவள் அழ ஆரம்பித்ததும் தினமும் அண்ணன் மோட்டாரை நிறுத்துவாரா, பாவப்பட்டா, நன்றாகக் கேட்கட்டும் என்றா? தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் காத்திருந்தார்கள்.