பானை விதித்த உபவாசம்

முதல் தடவை அது வாய் தவறி வந்ததுதான். பானையின் அடிவரை கரண்டியை விட்டுச் சுரண்டி மூன்று தட்டுகளை ஒப்பேற்றியவள், நாலாவது தட்டைக் கழுவிக் கவிழ்த்தபடியே விட்டுவிட்டாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போன புருஷன் மூடாமல் அவளைப் பார்த்து, "உனக்கு எங்க?" என்றார்.

பானை காலி என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வேலை பார்த்த லேத் பட்டறையை இழுத்து மூடிய நாளிலிருந்து அந்த மனிதர் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் யார் பங்கையோ எடுப்பதுபோல்தான் எடுக்கிறார். இதையும் சொன்னால் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். அன்று வெள்ளிக்கிழமை.

"எனக்கு இன்னைக்கு உபவாசம்ங்க. உங்க வேலைக்காக."

அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பட்டறை மூடிய பிறகு முதல் தடவையாக, அவருக்காக இந்த உலகத்தில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த முகம். கண்ணை மூடி, வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தார். சின்னவன் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து குழம்பு ஆறிப்போகிறது என்று அம்மாவுக்குச் சாடை காட்டினான்.

சிக்கனத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று உறவு முழுக்கப் பேர். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில்தான் மாவு பிசைவாள். உரித்த தோலை உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்துத் தொட்டுக்கொள்ள வைப்பாள். முட்டைக்கோஸின் நடுத்தண்டை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். அவள் வீட்டில் அது மறுநாள் பொரியல். காய்ந்த ரொட்டியை வெங்காயத்தோடு சேர்த்துக் கிளறினால் அது ரொட்டி என்று ரொட்டிக்கே தெரியாது. எண்ணெய் பாட்டில் மூடியில் ஊசியால் ஒரே ஒரு துளை. கடைசியில் நாலு பூண்டுப் பல்லை நசுக்கித் தாளித்துக் கொட்டினால் தெருவே மூக்கை உறிஞ்சும். பானைக்குள் இருப்பதைவிட வெளியே வீசுகிற வாசனை பணக்கார வாசனையாக இருக்கும்.

"பருப்புக் குழம்புல பருப்பைத் தேட டார்ச் அடிக்கணும்" என்பான் சின்னவன். "தேடினா கிடைக்கும்னு வேதத்துலயே இருக்குடா" என்பார் அப்பா. வேலை இருந்த காலத்து வேடிக்கை இது. இப்போதும் சின்னவன் சொல்கிறான். அப்பாதான் பதில் சொல்வதில்லை.

அவளுடைய கெட்டிக்காரத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தண்ணீர் விட்டுப் பெருக்கலாம், சின்னத் தட்டுக்கு மாற்றி நிறைத்துக் காட்டலாம். இல்லாததைக் கிளறிக் காட்ட முடியாது. வெள்ளிக்கிழமை உபவாசம் புதன்கிழமைக்கும் வந்தது. பிறகு கிழமை பார்க்கவில்லை. பானை எப்போது சொல்கிறதோ அப்போது உபவாசம்.

உபவாசம் என்றால் சும்மா உட்கார முடியுமா? மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் உள்ளறையில் வேதாகமத்தை மடியில் வைத்து உட்கார்ந்தாக வேண்டும். வயிறு சத்தம் போடும். அது கேட்டுவிடாமலிருக்க வாய்க்குள் ஏதாவது ராகம் இழுப்பாள். கண்ணை மூடினால் ஆண்டவர் வரமாட்டார். வெங்காயம் வதங்குகிற மணம் வரும். உண்மையாக ஜெபிக்கத்தான் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து வாய் நிறையப் பேசிப் பழகிய ஆண்டவரிடம் இப்போது இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. பசிக்குது ஆண்டவரே. அதையும் அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லக் கூச்சமாக இருந்தது. அவருக்கென்று சொல்லி வைத்திருக்கிற பசியல்லவா இது?

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. நாத்தனார் துணி தைக்கிறவள். அவள் மிஷினில் ஊசி ஓடும் வேகத்துக்குச் செய்தியும் ஓடும். சபையின் அடுத்த பெண்கள் கூட்டத்தில் இவளை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொல்லிவிட்டார்கள். எழுந்தாள். புருஷன் வேலைக்காக உபவாசித்து ஜெபிப்பதாகவும், ஆண்டவர் பெலன் தருவதாகவும் கோணல்மாணலாக எதையோ சொன்னாள். நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதன்பின் வாசலில் வழி மறிக்கிறார்கள். மகனுக்குப் பரீட்சையாம், மருமகளுக்கு மூட்டுவலியாம், உபவாசத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். "ஆண்டவர்கிட்ட எங்களுக்கெல்லாம் வரிசை. உன்னை நேரா உள்ள விடுறாங்க போல" என்று ஒருத்தி கிண்டலும் அடித்தாள். மூட்டுவலிக்காரி சரியாகிவிட்டது என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, இவளுக்கு அந்தக் கையை உதறவும் தோன்றியது, அந்தக் கையில் பொட்டலம் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கவும் தோன்றியது.

பெரியவள் பத்தாம் வகுப்பு. அதிகம் பேசாது. அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தட்டு வைக்கும்போது, "எனக்கு வேணாம்மா. நானும் உபவாசம். அப்பாவுக்காக" என்றது.

வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அப்பா, "இருக்கட்டும் விடு. ரெண்டு பேரு கேக்கும்போது ஆண்டவர் எத்தனை நாள் பேசாம இருப்பாரு?" என்று மகள் தலையைத் தடவினார்.

அன்று எல்லோரும் எழுந்துபோன பிறகு அடுப்படியில் பெரியவளின் பங்கு இருந்தது. மறுநாள் காலைக்கு எடுத்து வைக்கத்தான் கிண்ணம் எடுத்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பானையிலிருந்தே தின்றுவிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு வயிற்றில் விழுந்த சூடான கவளம்! ருசித்தது. அதுதான் அவளால் பிறகு தாங்க முடியாமல் போனது. தொண்டையில் அடைத்திருக்கலாம், கண்ணீராவது வந்திருக்கலாம். விரலையும் நக்கினாள்.

இரண்டாவது வாரம் பெரியவள் ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு பொருத்தனையே செய்துவிட்டது. அப்பாவுக்கு வேலை கிடைக்கும்வரை ராத்திரிச் சாப்பாடு கிடையாது. வீட்டில் அந்த ஒரு வேளைதான் சமையல். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் டீயும், பகலுக்கு டப்பாவில் இன்னொரு துண்டு, அவ்வளவுதான். கெஞ்சினாள், அதட்டினாள், வளர்கிற பிள்ளை என்றாள். பெரியவள் அமைதியாக, "நீ நிறுத்தும்மா. நானும் நிறுத்துறேன்" என்றது.

அவ்வளவு எளிதான வழி. அதைத்தான் அவளால் செய்ய முடியாது.

பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்துவிட்டது என்று ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் என்பதே இல்லை, பிள்ளைக்கு என்னதான் போடுகிறீர்கள் என்று கேட்டார். உபவாசம் என்று சொன்னால் என்ன நினைப்பாரோ என்று, பிள்ளைக்குச் சாப்பாட்டில் இஷ்டம் இல்லை என்று சொல்லி வைத்தாள். பெரியவள் கட்டிலில் படுத்தபடி அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வேறு போக்கிடம் தெரியாமல் பாஸ்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மா நல்ல மனுஷி. உட்காரவைத்து டீ கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, சின்னப்பிள்ளை தன்னை வருத்திக்கொள்வதை எந்த ஆண்டவரும் கேட்கவில்லை, பிள்ளை உன்னைப் பார்த்துத்தான் செய்கிறது, நீ கொஞ்ச நாள் நிறுத்திவிடு, தானாகச் சாப்பிடும் என்றார். பிறகு டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "வீட்ல அரிசி பருப்பெல்லாம் இருக்குல்ல? கேக்குறேன்னு தப்பா நினைக்காதே" என்றார்.

இதோ, கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போக ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் சாட்சி என்ன ஆவது? அழுதவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? மூட்டுவலிக்காரி என்ன நினைப்பாள்? பசியை உபவாசம் என்று ஆண்டவர் பேரில் எழுதி வைத்தவளின் புருஷன் எப்படிச் சபைக்குள் வருவார்?

"கர்த்தர் நடத்துறாரும்மா. குறைவில்ல" என்றாள்.

அன்று மாலையே பாஸ்டரம்மா சொன்னபடி செய்தும் பார்த்தாள். நாலு தட்டு வைத்து, நாலிலும் அளந்து போட்டு, தானும் உட்கார்ந்தாள். பெரியவளும் சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்தது. சின்னவன் தன்னுடையதை நாலு வாயில் முடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றான். அப்பா தன் தட்டில் பாதியை அவன் தட்டுக்குத் தள்ளினார். மறுநாள் அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனவர், இரண்டாவது மூட்டைக்கே காலிடறி உட்கார்ந்துவிட, உடம்பு தேறியபின் வா என்று அனுப்பிவிட்டார்கள். வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவள் மறுபடி உபவாசத்துக்குப் போனாள். பெரியவளும் போனது.

அதன்பின் ஒரு மாலை. பெரியவள் கோஸ் தண்டைச் சீவிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு எலும்பு கத்திப் பிடியைவிடத் துருத்திக்கொண்டு தெரிந்தது. அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"எனக்கு உபவாசம்லாம் இல்லடி."

"என்ன?"

"பானையில பத்தல. அதுக்கு நான் வெச்ச பேரு அது."

கத்தி நின்றது.

"மொத நாள்ல இருந்தேவா?"

"மொத நாள்ல இருந்தே."

"சபையில எழுந்து சொன்னியே?"

"சொன்னேன்."

பெரியவள் யோசித்தது. அந்தப் பிள்ளை எதையும் பாதியில் விடாது.

"அப்ப நான் சாப்பிடாத அன்னைக்கெல்லாம் என் பங்கு?"

இங்கே ஒரு பொய் சொல்ல அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. "நான்தான் சாப்பிட்டேன்" என்றாள்.

"நல்லா இருந்துச்சா?"

குத்திக்காட்டுகிறதா, உண்மையாகவே கேட்கிறதா என்று குரலில் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். முகத்திலும் தெரியவில்லை.

"நல்லா இருந்துச்சு."

பெரியவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சீவத் தொடங்கியது. தண்டைப் பார்த்தபடியே, "நான் நிஜமாவே கேட்டேம்மா. தினமும் முட்டி போட்டுக் கேட்டேன்" என்றது. அவள் குழம்பைக் கிளறத் தேவையே இல்லாதபோதும் கிளறினாள்.

அன்று ராத்திரி பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அவள் போட்டாள். மூன்று தட்டு. பானை முடிந்தது. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்த அப்பா, மகள் சோற்றைப் பிசைவதைப் பார்த்தார்.

"என்னம்மா, பொருத்தனை?"

பெரியவள் தலையை நிமிர்த்தவில்லை. "முடிஞ்சிருச்சுப்பா. ஆண்டவர் கேட்டுட்டாரு."

"கேட்டுட்டாரா? உனக்கு எப்படித் தெரியும்?"

"மனசுல தெரியுது."

வளையாமல் நெளியாமல் வந்தது அந்தப் பொய். சாட்சி சொல்ல எழுந்தபோது அவளுக்கு வந்ததைவிடச் சுத்தமாக வந்தது. அவர் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சின்னவன் கேட்டான், "அப்ப நாளைக்கு உனக்கு வேலையாப்பா?" அவர் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு, "அவரு சொன்னா சொன்னதுதாண்டா" என்றார். விடிந்ததும் புதுப் பட்டறைப் பக்கம் போய்ப் பார்க்கிறேன், அங்கே ஆள் வேண்டாம் என்று துரத்தினார்கள், இப்போது துரத்தமாட்டார்கள் என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீயும் வா. உட்காரு. அதான் கேட்டுட்டாரே, இனி எதுக்கு உபவாசம்? தட்டை எடு."

பானை அவள் கைக்குக் கீழே காலியாக இருந்தது. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவர் சிரித்த முகத்தோடு நகர்ந்து இடம் விட்டார்.

"அம்மாவோடது வேறப்பா" என்றது பெரியவள், வாயில் சோற்றோடு. "அது இப்ப முடியாது."

அவர் ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தார். கும்பிடத் தோன்றியது போலப் பார்த்தார். ஆமாம், அவள் அப்படித்தான் என்று தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, இதற்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லாமல் எப்படிச் சாப்பிடுவது, எல்லாரும் கண்ணை மூடுங்கள் என்றார். அவர் குரல் உடைந்து உடைந்து நன்றி சொன்னது. வேலைக்கு நன்றி, பிள்ளைகளுக்கு நன்றி, இப்படி ஒரு மனைவியைக் கொடுத்ததற்கு நன்றி. சின்னவன் அவருக்கு முன்பாகவே சத்தமாக ஆமென் சொல்லி முடித்தான்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். பெரியவள் கண்ணை மூடவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தது.