பூச்சூடி இறங்கிய மந்தை

கிரேன்கோஃபெல் ஒன்றும் பெரிய சிகரமில்லை. கயிறும் கோடரியுமாக மலையேற வருகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஆஸ்டென் ஊரின் கோயில் மணியோசையைத் தடுக்க அந்த உயரம் போதும். மலையின் இந்தப் பக்கத்தில் கோடை முழுக்க மாடு மேய்த்த நோட்புர்காவுக்கு, அப்பா இருந்த அந்த ஊரின் மணி ஒரு நாளும் கேட்டதில்லை.

"பொட்டப்புள்ள முழு மந்தையையும் கீழ கொண்டாந்துருவாளாக்கும்" என்று அப்பா ஜூனில் கேலி செய்திருந்தார். இப்போது செப்டம்பர். இருபத்து மூன்று மாடுகளும் கொழுகொழுவென்று நின்றன. கோடையில் மாடு சாகாமல், வீட்டில் இழவும் விழாமல் இருந்தால்தான் இறங்கும் மந்தைக்குப் பூ. அவள் இரண்டு வாரமாக மாலை கட்டினாள்.

மாடுகளின் சொந்தக்காரர், வாரந்தோறும் ரொட்டியும் உப்பும் கொண்டுவரும் பண்ணைக்காரர் காசியான், இறங்கும் நாளன்று முகம் கொடுத்தே பேசவில்லை.

"பூவெல்லாம் எதுக்கு? குறுக்கு வழியா இறங்கிரலாம்."

"ஏன், எந்த மாடு செத்துச்சு? ஏரியைச் சுத்தி ஆஸ்டென் வழியாத்தான் போவேன். எங்கப்பா கண்ணால பாக்கணும்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், பாவி. மந்தைக்குப் பின்னால் நடந்தார்.

ஆஸ்டெனில் யாரும் கை தட்டவில்லை. பெண்கள் பூவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கறுப்பு உடையில் தங்கை ஃபிலொமேனா தெருவுக்கு வந்தாள்.

"அப்பா மண்ணுக்குள்ள போயி மூணு வாரமாச்சு. நீ பூ வச்சுக்கிட்டு ஊர்வலம் வர்றியா?"

ஃபிலொமேனா ஓரடி முன்னால் வந்தாள்.

"காசியான்கிட்ட ரெண்டு தடவை ஆள் அனுப்பினேன். மாட்டை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிட்டியாமே!"

"நானா சொன்னேன்?" அவள் காசியானைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நீ ஓடிருப்ப" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அப்புறம் பால் யாரு கறக்குறது?"

அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். அவளுக்கு அதுகூடத் தோன்றவில்லை. கோலை எறிந்துவிட்டுக் கோயிலையொட்டிய கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினாள்.

பின்னாலேயே மணிகள் கிணுகிணுத்தன. மூன்று மாதமாக அவள் ஒருத்தியையே அறிந்திருந்த மாடுகள் மொத்தமாக அவளைத் தொடர்ந்து வந்தன. காசியான் தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஒன்றும் திரும்பவில்லை. வேலிக்கு அப்பால் புது மண்மேடு தெரிந்தது. கதவைத் திறந்தால் இருபத்து மூன்றும் உள்ளே புகுந்து அதை மிதித்துவிடும்.

"போங்க! போய்த் தொலைங்க!" என்று அலறினாள். அவள் குரல் கேட்டதும் அவை இன்னும் நெருங்கி வந்தன. கதவை முதுகால் அழுத்திக்கொண்டு அவள் வெளியிலேயே நின்றாள்.